மும்பையில் கால் ஊன்ற முதலில் ஓர் அடுப்பு

நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை நாள் ஓடி மும்பை வந்து சேரும் ரெயிலில் இறங்குகிறவர்களின் மூட்டைகளைப் பார்த்தாலே போதும். யார் பழைய ஆள், யார் புதிய ஆள் என்று சொல்லிவிடலாம். பழைய ஆளிடம் ஒரு பெட்டி, ஒரு பை. பைக்குள் கருப்பட்டி, வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். அவ்வளவுதான். புதிதாக வருகிற இளைஞரோ பத்துக் கிலோ புழுங்கல் அரிசியைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குவார். துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கடுகு, வெந்தயம் எல்லாம் தனித்தனிப் பொட்டலம். பெற்ற தாய் கட்டிக் கொடுத்தது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது.

ஆனால் அந்த அரிசியை வேகவைக்க அறையில் அடுப்பு இருக்கிறதா என்று அம்மாவும் கேட்கவில்லை, மகனும் யோசிக்கவில்லை. விளைவு என்ன? மூட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்து வண்டு பிடிக்கும். ஆள் தெருமுனை ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு மாதம், இரண்டு மாதம் இப்படியே போகும். ஊருக்கு அனுப்புவதாகச் சொன்ன பணம் ஏன் குறைகிறது என்று அவருக்கே விளங்காது.

ஓட்டல் கணக்கு

காலையில் இட்லியும் காப்பியும் 60 ரூபாய், மதியச் சாப்பாடு 90 ரூபாய், இரவுக்கு 70 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 220. மாதத்துக்கு 6,600 ரூபாய். சம்பளம் 18,000 என்றால், அறை வாடகையில் தன் பங்கு 4,000 போக, சாப்பாட்டுக்கு 6,600 போக, ரெயில் பாஸ், செல்போன், சோப்பு, சில்லறைச் செலவு என்று ஓர் ஆயிரத்து ஐநூறு போக, மிஞ்சுவது 5,900. மாதம் 8,000 அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் என்ன செய்வார்? முதல் மாதம் கைமாற்று வாங்குவார். இரண்டாவது மாதம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி வடா பாவோடு படுத்துக்கொள்வார். மூன்றாவது மாதம் வயிறு கெட்டு, மருந்துக்கடைக்கும் தண்டம் அழுவார்.

நான்கு பேர் சேர்ந்து அறையில் சமைத்தால் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால், காஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஏறக்குறைய பாதிச் செலவில் முடிந்துவிடும். ஊரில் உள்ள தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் நேரத்தில் போய்ச் சேருகிறதா இல்லையா என்பது பல குடும்பங்களில் இந்த மீதிப் பாதியைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஓட்டல்களைக் குறை சொல்வதற்கில்லை. மாட்டுங்கா ரெயில் நிலையத்துக்கு வெளியே ஏ. ராமநாயக் 1942-ல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கின் இலைச் சாப்பாட்டுக்கு ஏங்காத தென்னிந்தியர் இந்த நகரில் குறைவு. மாதத்தில் ஒரு நாள் அங்கே போய் உட்காருவது சுகம். நாள்தோறும் என்றால் பை தாங்காது.

மராத்தியர்களுக்கும் இதே தொல்லை இருந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். கொங்கணத்திலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள் மனைவி மக்களை ஊரில் விட்டு, ஓர் அறையில் பத்துப் பேராக முறை வைத்துத் தூங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டவை லால்பாக், பரேல் பகுதிகளில் பெண்கள் தங்கள் அறையிலேயே நடத்திய ‘கானாவள்’கள். கடனுக்குச் சாமான் வாங்கி, வட்டியில் மூழ்கிக் கிடந்த அந்தப் பெண்களை ஒன்று சேர்த்து, வங்கிக் கடன் கிடைக்கச் செய்ய 1975-ல் பிரேமா புரவ் தொடங்கியதுதான் அன்னபூர்ணா மகிளா மண்டல். கானாவள் நடத்திய பெண்ணின் அடுப்பு அணைந்தால் பத்துப் பதினைந்து தொழிலாளர் பட்டினி. பிறர் அடுப்பை நம்பிய வயிறு எப்போதும் இப்படித்தான்.

அது 2020-ல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு உடனே சாப்பாட்டுப் பிரச்சினை. கையில் பணம் இருந்தும் வாங்கிச் சாப்பிட இடம் இல்லை. ஊருக்குப் போக ரெயிலும் இல்லை. ஒற்றை அடுப்பும் ஒரு டப்பா பருப்பும் இருந்த அறைகளில் கஞ்சியாவது கொதித்தது. அடுப்பில்லாத அறைக்காரர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றார்கள். அதற்கு முன்னால் “நமக்கெதற்குச் சமையல்” என்று இருந்தவர்கள் பலர் அதன் பிறகு குக்கர் வாங்கினார்கள்.

அறை பார்க்கும்போதே கேளுங்கள்

அறை பார்க்கப் போகிறவர்கள் வாடகை, முன்பணம், ரெயில் நிலையத்துக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். சமைக்கலாமா என்று கேட்பதில்லை. முன்பணம் கொடுத்த பிறகு, “இங்கே அடுப்பு வைக்கக்கூடாது” என்று வீட்டுக்காரர் சொன்னால் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். சில கட்டடங்களில் சமைக்கலாம், மீனும் முட்டையும் கூடாது. சில இடங்களில் எழுதப்படாத விதியாக இருக்கும். முதல் நாள் கருவாடு வறுத்த அன்று தெரியவரும். முதலிலேயே வாயைத் திறந்து கேட்டுவிடுவது நல்லது.

இங்கே வழக்கமாக 11 மாதத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். மராட்டிய மாநிலத்தின் 1999-ம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் காஸ் இணைப்பு முதல் வங்கிக் கணக்கு வரை முகவரிச் சான்றாகும்.

முன்காலத்தில் இவ்வளவு எளிதாக இல்லை. 1970களில் காஸ் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். திரி ஸ்டவ்தான் கதி. அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கார்டு வேண்டும். கார்டுக்கு முகவரி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டின்னைத் தூக்கிக்கொண்டு கியூவில் நிற்பது ஒரு வேலை. ஸ்டவ் கரி பிடித்த பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது இன்னொரு வேலை.

இன்று முகவரிச் சான்று இல்லாதவரும் அடையாள அட்டையைக் காட்டி 5 கிலோ காஸ் சிலிண்டர் வாங்கலாம். 2013-ல் பெட்ரோல் நிலையங்களில் விற்கத் தொடங்கினார்கள். கிலோக் கணக்கில் பார்த்தால் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைவிட விலை அதிகம்தான். ஆனால் அடிக்கடி அறை மாறுகிறவருக்கு அதுவே வசதி. முகவரி நிலையானதும் பெரிய சிலிண்டருக்கு மாறிக்கொள்ளலாம். குழாய் காஸ் வந்த கட்டடம் என்றால் தூக்கும் வேலையே இல்லை.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். சந்துக் கடைகளில் பெரிய சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்கு மாற்றி அடைத்துத் தருகிறார்கள். மலிவு என்று அங்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம்; பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் படுத்திருக்கும்போது வால்வு கசிந்தால் தப்பிக்க வழி கிடையாது. இரவு படுக்கும் முன் ரெகுலேட்டரை அணைக்கிற பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வைத்துவிட வேண்டும். “நீ அணைத்திருப்பாய் என்று நினைத்தேன்” என்ற பேச்சுக்கு இடம் இருக்கக்கூடாது.

மின்சார இண்டக்ஷன் அடுப்பை நம்புகிறவர்கள் முதலில் சுவரில் உள்ள பிளக்கைப் பார்க்கவும். பழைய சால் கட்டடங்களின் ஒயர் எல்லாம் அந்தப் பாரத்தைத் தாங்காது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டுக்காரரானால் மாதக் கடைசியில் தலை சுற்றும்.

தண்ணீர் வரும் நேரமே சமையல் நேரம்

ஊரில் கிணற்றடியிலோ தெருக் குழாயிலோ எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் பிடித்துப் பழகியவருக்கு இது புதிது. சால்களில் குழாய்த் தண்ணீர் குறித்த சில மணி நேரம்தான் வரும். விடியற்காலை ஐந்தரைக்கு வந்து ஏழரைக்கு நின்றுவிட்டால், அந்த நேரத்துக்குள் குடிக்கவும், சமைக்கவும், பாத்திரம் கழுவவும் பிடித்து வைத்துவிட வேண்டும். ஆகவே எழுந்திருக்கும் நேரத்தை முடிவு செய்வது ஆபீஸ் அல்ல, நகராட்சிக் குழாய். அரிசி களைந்த நீரைக் கொட்டாமல் வைத்திருந்து எண்ணெய்ப் பாத்திரத்தை முதல் கழுவு கழுவுகிற பழக்கம் இங்கே பல அறைகளில் இருக்கிறது. நல்ல பழக்கம்.

தண்ணீர் விஷயத்தில் மும்பை ஒரு வகையில் கொடுத்து வைத்த ஊர். துளசி, விகார், தான்சா, பாட்சா என்று மழை நீர் தேங்கும் ஏரிகளிலிருந்து வருவதால் உப்பு இல்லை. துவரம்பருப்பு குக்கரில் மெழுகாக வேகும். காப்பிக்கும் ருசி. தூரத்துப் புறநகர்களில் லாரித் தண்ணீரையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் நம்பியிருப்பவர்கள், “பருப்பு வேகவில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்பார்கள். பாவம், கடைக்காரன் மேல் குற்றமில்லை. குற்றம் தண்ணீரில். குடிநீரில் பருப்பை வேகவைத்து, மற்றதைக் கழுவ வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நான்கு பேர் அறைகள் உடைவது வாடகையால் அல்ல. பாத்திரம் கழுவும் முறையாலும் சாப்பாட்டுக் கணக்காலும்தான். ஒருவர் ஷிப்டில் வேலை பார்ப்பார், பகலில் சாப்பிடமாட்டார். ஒருவர் சனி, ஞாயிறு உறவினர் வீட்டுக்குப் போவார். செலவைச் சமமாகப் பிரித்தால் அவர்களுக்கு மனக்குறை.

இதற்கு அனுபவப்பட்ட அறைக்காரர்கள் வைத்திருக்கும் வழி சுலபமானது. சுவரில் ஒரு நோட்டு தொங்கும். யார் என்ன வாங்கினாலும் அதில் எழுதவேண்டும். யார் எந்த வேளை சாப்பிட்டார்கள் என்பதற்கு ஒரு கோடு. மாதக் கடைசியில் மொத்தச் செலவை மொத்த வேளையால் வகுக்க வேண்டும். செலவு 12,000 ரூபாய், எல்லோரும் சாப்பிட்ட வேளைகள் 240 என்றால் ஒரு வேளைக்கு 50 ரூபாய். எழுபது வேளை சாப்பிட்டவர் 3,500 கொடுப்பார். ஐம்பத்தைந்து வேளை சாப்பிட்டவர் 2,750 கொடுப்பார். விருந்தாளி வந்தால் அவர் வேளை அழைத்து வந்தவர் கணக்கில். குமாஸ்தா ஒருவர் அறையில் இருந்துவிட்டால் இந்த நோட்டு வங்கிப் பேரேடு மாதிரி இருக்கும்.

யார் சமைப்பது என்பது அடுத்த கேள்வி. ஊரில் அடுப்படிப் பக்கமே போகாதவர்கள்தான் நம் பையன்களில் அதிகம். அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தவன் கூட இல்லை. “எனக்குச் சமைக்கத் தெரியாது அண்ணாச்சி” என்று புதியவர் ஒதுங்குவார். “தெரியாட்டி என்ன தம்பி, ஒரு வாரம் வெங்காயம் நறுக்கு. அடுத்த வாரம் கரண்டி உன் கையில” என்பார் மூத்தவர். அந்த ஒரு வாரத்தில் பாதிச் சமையல் வந்துவிடும். முதல் பாடம் ஒரு குக்கர், இரண்டு அடுக்குப் பாத்திரம்: கீழே பருப்பு, மேலே அரிசி. பருப்பில் பாதி சாம்பாருக்கு, மீதி கரைத்து ரசத்துக்கு. அது வேகும் நேரத்துக்குள் உருளைக்கிழங்கு வறுவல். முக்கால் மணி நேரத்தில் நான்கு பேருக்குச் சாப்பாடும் டிபன் பாக்ஸும் தயார்.

சந்தைக்குப் போனால்

சமையலைவிடக் கஷ்டம் சாமான் வாங்குவது. இந்தியில் சாவல் என்றால் அரிசி என்று படித்து வைத்திருப்பார். மராத்தியில் ‘சவளி’ என்றால் காராமணி. அரிசிக்குத் ‘தாந்தூள்’. பாவ் என்றால் ரொட்டி. கால் கிலோவுக்கும் பாவ் கிலோதான். விலை கேட்டால் ‘தீட்ஷே’ என்பார்கள், நூற்று ஐம்பது. ‘அடீச்சே’ என்றால் இருநூற்று ஐம்பது. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் தனிச் சொல் இருக்கிறது என்பது தெரியாமல் பத்து ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்துக் காய்கறிக்காரம்மாள் சிரிப்பார்.

காய்கறிகளின் பெயரைப் பத்து நாளில் கற்றுக்கொள்ளலாம். வெங்காயம் காந்தா, உருளை படாடா, பூண்டு லசூண், கொத்தமல்லி கோத்திம்பீர், கறிவேப்பிலை கடிபத்தா. முருங்கைக்காய்க்கு ஷேவ்கா, புடலங்காய்க்குப் பட்வள், பீர்க்கங்காய்க்குத் தோட்கா, பாகற்காய்க்குக் கார்லே, சேனைக்குச் சுரண். போப்ளா என்று மட்டும் கேட்டால் குழப்பம் வரும். தூதி போப்ளா என்றால் சுரைக்காய். லால் போப்ளா என்றால் பரங்கிக்காய். அவியலுக்கு வெள்ளைப் பூசணி வேண்டுமென்றால் கோஹளா. புளிக்குச் சிஞ்ச். ஆம்சூல் என்று கருப்பாக ஒன்று தருவார்கள். அது கோகம் பழத்தோல். அதையும் ஒரு நாள் ரசத்தில் போட்டுப் பார்க்கலாம், தவறில்லை.

கூடையுடன் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ‘மாவ்ஷி’ என்று கூப்பிட்டால் முகம் மலரும். சித்தி என்று பொருள். நம்மை அவர்கள் ‘அண்ணா’ என்பார்கள். உறவு முறை வைத்த பிறகு கொசுறாகக் கறிவேப்பிலை கிடைப்பதில் சிரமம் இருக்காது.

மிளகாயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கருஞ்சிவப்பாக, சுருங்கிய தோலோடு பார்வைக்கு அழகாக இருக்கும் பேடகி மிளகாயை வாங்கி சாம்பார் பொடி அரைப்பார்கள். நிறம் பிரமாதம், காரம் இல்லை. குண்டூர் வகையைப் பாதிக்குப் பாதி கலந்தால் சரியாகும். பொடி அரைக்கக் கோதுமை மாவு கிர்ணிக்குப் போனால் விரட்டிவிடுவார்கள். அதற்கு லால்பாக் பக்கம் மசாலாவை உலக்கையால் இடிக்கும் ‘டங்க்’ இருக்கிறது. மார்ச்சு முதல் மே வரை மராத்திக் குடும்பங்கள் ஆண்டு முழுவதுக்குமான மசாலாவை இடிக்க வரும் காலம். தும்மலோடு கூட்டத்தில் நிற்கத் தயாராகப் போக வேண்டும்.

நல்லெண்ணெய் ஒன்றுதான் ஊரிலிருந்து சுமப்பதற்குத் தகுதியுள்ள சரக்கு. இங்கே தீள் தேல் என்று விற்பதும் எள்ளெண்ணெய்தான் என்றாலும், செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டிய நம் எண்ணெயின் வாசனை அதற்கு வராது. மற்றபடி அப்பளம் முதல் வடகம் வரை மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் கிடைக்கின்றன. காப்பிக் கொட்டை வறுத்து அங்கேயே அரைத்துத் தரும் கடைகளும் மாட்டுங்காவில் உண்டு. பாக்கெட் பொடி வாங்குகிறவர்கள் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அட்டையில் பார்த்துக்கொள்ளவும். 49 வரை கலக்கச் சட்டம் இடம் தருகிறது. பாதி காசு சிக்கரிக்குப் போவது தெரிந்து வாங்கினால் சரி.

அரிசியும் மாவும்

இங்குள்ளவர்கள் விரும்பிச் சாப்பிடுவது கோலம் அரிசி. பச்சரிசி, சிறிய மணி, மென்மையாக வேகும். பால்கர் மாவட்டத்து வாடா வட்டாரத்தின் கோலம் அரிசிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் பொன்னிப் புழுங்கலுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துப் பழகியவர் இதற்கும் அப்படியே வைத்தால் குக்கரைத் திறக்கும்போது களிதான் இருக்கும். இரண்டு பங்கு போதும். சாம்பாருக்கு ருசியான சோறு. ஆனால் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழையது சாப்பிட இது உதவாது; கரைந்துவிடும். அதற்குப் புழுங்கல்தான். ‘உக்டா தாந்தூள்’ என்று கேட்டால் பல கடைகளில் தருவார்கள். இட்லிக்கும் அதுவே. உளுந்தில் முழுதாகத் தோல் நீக்கியது வேண்டுமென்றால் ‘உடீத் கோட்டா’.

மிக்சியில் மாவு அரைக்கிறவர்கள் குளிர்ந்த தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். சூடேறினால் மாவு பொங்காது. மும்பையின் வேக்காட்டில் ஏப்ரல், மே மாதங்களில் ஆறேழு மணி நேரத்தில் புளித்துவிடும். இரவு பத்து மணிக்குக் கரைத்து வைத்துவிட்டு, ஷிப்டு முடிந்து மறுநாள் பத்து மணிக்கு வருகிறவர் பார்ப்பது மாவு அல்ல, பாத்திரத்தைச் சுற்றி ஒரு குளம். டிசம்பர், ஜனவரியில் அதே மாவு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். புனேயில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைக்கிறார்கள்.

இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்குத் தாராவி இருக்கிறது. விடியும் முன்பே அங்கே தமிழ்க் குடும்பங்கள் அவித்த இட்லி, பெரிய பாத்திரங்களில் சைக்கிள் ஏறி நகரமெங்கும் போகிறது. ஆட்டிய மாவும் விற்கிறார்கள். ஒரு கிலோ மாவு வாங்கி வந்தால் நான்கு பேருக்கு ஒரு வேளை தோசை. தென் மாவட்டங்களிலிருந்து வந்து, இந்த இட்லியை விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊரார் அடுப்பே அவர்களுக்குப் பிழைப்பானது.

மீன் பிரியர்களுக்கு

தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு மும்பை மீன் சந்தை ஓர் ஆறுதல். பெயர்தான் வேறு. வஞ்சிரம் இங்கே சுர்மை. அயிலை பாங்டா. சாளை தார்லி. வாவல் பாப்லேட். இறால் கோளம்பி. விற்கிற கோளி இனப் பெண்களிடம் பேரம் பேச நெஞ்சுரம் வேண்டும். ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவரை அவர்கள் மதிப்பார்கள்.

நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இங்கே மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஊருக்குப் போய் மே மாதம் விடுமுறையைக் கழித்துவிட்டு ஜூனில் திரும்புகிறவருக்கு இரண்டு பக்கமும் மீன் குறைச்சல். அந்த மழை மாதங்களில் கருவாடுதான். காய்ந்த பொம்பிலும், ‘சுகட்’ எனும் சிறிய காய்ந்த இறாலும் நம் கருவாட்டுக் குழம்புக்குப் பொருந்தும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ரேஷன் அரிசி இங்கேயும் வாங்கலாம்

பலருக்குத் தெரியாத ஒன்று. ஊரில் உள்ள ரேஷன் கார்டை வைத்தே வேறு மாநிலத்தில் அரிசி, கோதுமை வாங்கும் திட்டம் 2019-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததோடு நாடு முழுவதுக்கும் வந்துவிட்டது. ஆனால் எல்லாக் கார்டுக்கும் கிடையாது. முன்னுரிமைக் குடும்ப அட்டை, அந்தியோதயா அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே. முன்னுரிமை அட்டையில் ஆளுக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரி முதல் இலவசம். ஆதார் எண் கார்டுடன் இணைந்திருக்க வேண்டும், கடையில் விரல் ரேகை வைக்க வேண்டும். இங்கே இருப்பவர் தன் பங்கை எடுத்துக்கொண்டால், ஊரில் உள்ளவர்கள் மீதிப் பங்கை அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஆகவே வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுக்கவும். இல்லாவிட்டால் ஊர்க் கடையில் அம்மா பையோடு போய் நின்று, “உங்கள் கணக்கில் ஒரு ஆள் குறைகிறது” என்ற பதிலோடு திரும்புவார். தமிழக அரசு ஊரில் தரும் துவரம்பருப்பு, பாமாயில் எல்லாம் இங்கே கிடைக்காது, தானியம் மட்டும்தான்.

பக்கத்து வீடு

அறையில் தாளிக்கத் தொடங்கிய முதல் வாரம் அக்கம்பக்கத்தில் சற்று முகச்சுளிப்பு இருக்கலாம். பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் சேர்ந்தால் மாடி முழுவதும் இருமும். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் படுக்க மட்டும் வருகிறவரை யாருக்கும் தெரியாது. சமைக்கிறவர் அப்படியில்லை. தண்ணீர் பிடிக்கும் வரிசையில் நிற்கிறார், கறிவேப்பிலை இருக்கிறதா என்று கதவைத் தட்டுகிறார். பெயர் கேட்கிறார்கள், ஊர் கேட்கிறார்கள். ஜனவரி 14-ந் தேதி மராத்தி வீட்டிலிருந்து எள்ளும் வெல்லமும் சேர்ந்த ‘தீள்கூள்’ வரும். ஹோலிக்குப் பூரண் போளி வரும்.

வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக்கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொது வழக்கம். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் இருக்கும், கவலையில்லை. மற்ற நாளில் நான்கு பேரும் கூடி யோசித்து, கடைசியில் எலுமிச்சம்பழச் சாதத்தை வைத்துக் கொடுப்பார்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சிறுவன் அதே பாத்திரத்தோடு வாசலில் நிற்பான். இந்தத் தடவை அதில் ஒன்றும் இருக்காது.